இறந்தது யாருடைய அப்பா?

தம்பி,

இன்று காலை வேலைக்குப் போகுமுன் சப்பாத்துக்கு பொலிஷ் போடலாமென்று உன்னுடைய தகர டப்பாவைத் திறந்தேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ லீவில் வந்து நிற்கிற நாட்களில் மொன்றியலில் எங்கள் பியர்பொன்ட்ஸ் வீடு முழுக்க இந்த மணம்தான். அப்பா அதை மூச்சிழுத்து முகர்ந்து, "எங்கட வீட்டில ஒரு ஆம்பிளப் பிள்ள இரிக்கான் எண்டு இப்பதான் தெரியிது" என்பார். பக்கத்தில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். வெங்காயத்துக்கும் மணம் உண்டு, அதை யாரும் முகரவில்லை.

டப்பா என்னிடம் வந்த கதையைச் சொல்கிறேன். போன இலையுதிர் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சித்தப்பாவைக் கூட்டிப்போக ரொக்ஸ்பரோவுக்குப் போனேன். அவர் சமையலறைத் தரையில் பழைய பேப்பரை விரித்துக் குந்தியிருந்து, உன் டப்பாவில் துணியைத் தொட்டுத் தொட்டுத் தன்னுடைய சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசப்போவது கணினித் திரையில், முகம் மட்டும்தான் தெரியும், காலை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொன்னேன்.

"தெரியாட்டிப் பரவால்ல மகள். ஆமிக்காரரோட கதைக்கப் போறம்" என்றார்.

உன்னைக் கனடா இராணுவத்திலிருந்து விலக்கிய காரணத்தை மாற்றித் தரும்படி கேட்கத்தான் அன்றைக்குப் போனோம். "தவறான நடத்தை" என்று உன் பெயருக்குப் பக்கத்தில் கிடக்கிற அந்தக் காரணத்தை. உயிரோடு இருந்தபோது நீயே ஒருமுறை கேட்டாய், முடியாது என்றுவிட்டார்கள். மாரடைப்பு வந்து நீ போய், வாசலில் நின்ற உன் காரின் மேல் கிடந்த பனி கரையுமுன்னே சித்தப்பா மறுபடி தொடங்கிவிட்டார். செத்தவனுக்கு அது எதற்கு என்று நான்கூடக் கேட்டேன். "அவனுக்கில்ல, எனக்கு" என்றார்.

இதில் எனக்கு என்ன வேலை என்று நீ கேட்பாய். நியாயம்தான். உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லக் கூப்பிட வேண்டிய ஆட்களில் நான் கடைசி. உன்மேல் எனக்கு இருந்தது பொறாமை, தம்பி. வயிறெரிகிற பொறாமை. கார்டெரிக் காப்பகத்தில் நான் பார்க்கிற சின்னப் பிள்ளைகளில் ஒன்று எப்போதும் அப்படி இருக்கும். டீச்சரின் மடியில் இன்னொரு பிள்ளை ஏறினால் ஓடிவந்து கடிக்கும். மற்ற டீச்சர்மார் அதை மூலையில் இருத்துவார்கள். நான் பேசாமல் தூக்கி வைத்துக்கொள்வேன்.

உன் அம்மா உன்னைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்டா. உன்னைப் பெற்ற சித்தப்பா கனடாவுக்கு வழி தேடிப் புறப்படும்போது உன்னை மட்டக்களப்பில் எங்களிடம் விட்டார். நீ அப்போது தவழவும் தொடங்கவில்லை. எங்கள் வீட்டில்தான் பேசப் பழகினாய். நான் யாரை அப்பா என்றேனோ அவரை நீயும் அப்பா என்றாய். யாரும் திருத்தவில்லை. நான்தான் திருத்திப் பார்த்தேன், "பெரியப்பா எண்டு சொல்லு" என்று. நீ நல்ல பிள்ளையாக என் முகத்தைப் பார்த்து "பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி அவரை "அப்பா" என்று கூப்பிடுவாய். அவரும் உடனே "என்ன மனே" என்பார். என்னிடம் இருந்தது ஒரே ஒரு அப்பா, அவரையும் பங்கு போடவேண்டியிருந்தது.

பிறகு நாங்கள் எல்லோரும் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தோம். விமான நிலையத்தில் சித்தப்பா கையை நீட்டிக்கொண்டு உன்னிடம் வந்தார். நீ என் அப்பாவின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாய். சித்தப்பாவை அன்று முதல் "ஐயா" என்றாய். மரியாதைதான், ஆனால் அவருடைய முகத்தை நான் பார்த்தேன். படுப்பது ரொக்ஸ்பரோ, சாப்பிடுவதும் சண்டை பிடிப்பதும் பியர்பொன்ட்ஸ் என்று நீ வளர்ந்தாய். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்துக் கார் நிறுத்துமிடத்தில் உனக்குக் கார் ஓட்டப் பழக்கினார். எனக்கு பஸ் பாஸ் இருந்தது.

நீ இராணுவத்தில் சேரப்போகிறேன் என்றதும் எங்கள் ஆட்களெல்லாம் வாயில் கையை வைத்தார்கள். ஆமி என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்திப் பழகியவர்கள் நாங்கள். சித்தப்பா மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. அப்பாதான், "அந்த ஆமி வேற, இஞ்சத்த ஆமி வேற. போ மனே, ஆனா ஆரையும் அடிக்கிற வேலையெண்டா திரும்பி வந்திரு" என்று அனுப்பி வைத்தார். சீருடையில் நீ நிற்கிற படம் டிவிக்கு மேலே ஏறியது. நான் பட்டம் வாங்கிய படம் கழிப்பறைக்குப் போகிற வழியில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவரலாமே என்று நான் கேட்டதற்கு, "அங்கதானே மகள் எல்லாரும் போற வழி" என்றார். அவர் பகிடி விடவில்லை, உண்மையாகவே நல்ல இடம் என்றுதான் நினைத்தார்.

அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நீ மேற்கே ஒரு முகாமில் இருந்தாய். ஆஸ்பத்திரியில் நின்றது நான். துடைத்தது, ஊட்டியது, நர்ஸோடு சண்டை பிடித்தது எல்லாம் நான். கடைசி நாள் பின்னேரம் அவருடைய கை என் கைக்குள் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எதையோ சொல்லப் போகிறார் என்று குனிந்தேன்.

"தம்பி வந்திட்டானா?"

"வாறான் அப்பா" என்றேன்.

மறுபடி அவர் பேசவே இல்லை. என் அப்பா இந்த உலகத்தில் கடைசியாகக் கேட்டது உன்னை. இதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அதையும் நீ எடுத்துக்கொண்டு போய்விடுவாய் என்று வைத்திருந்தேன்.

நீ அடுத்த நாள் வந்தாய். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் செத்தவருடைய தம்பியின் மகன் கொள்ளி வைப்பான், அதுதான் எங்கள் வழக்கம். வைத்த பிறகு அவன்தான் மகன். மொட்டை, துடக்கு, எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் என்று பெற்ற பிள்ளைக்கு உள்ள கடமை முழுக்க அவன் தலையில் வரும். நான்தான் அவருடைய ஒரே பிள்ளை. நான் வைக்கிறேன் என்று கேட்டேன். "விசர்க்கதை கதைக்காத மகள், பொம்பிளப் பிள்ள கொள்ளி வைக்கிறதா?" என்று பெரிய ஆட்கள் சீறினார்கள். இத்தனைக்கும் இங்கே கொள்ளியும் கிடையாது, விறகும் கிடையாது. தகனம் செய்கிற இடத்துச் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான். அமத்த ஒரு விரல் போதும். அந்த விரலும் ஆம்பிளை விரலாக இருக்கவேண்டுமாம். மொட்டைத் தலையோடு நீ பொத்தானுக்கு முன்னால் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் நிலத்தைப் பார்த்தேன். நீ அமத்தினாய்.

முகாமில் உன் மேலதிகாரியிடம் "என் அப்பா இறந்துவிட்டார்" என்று சொல்லித்தான் நீ லீவு எடுத்திருந்தாய். ஒரு கிழமை தந்தார்கள். கொள்ளி வைத்த பிள்ளை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியாமல் தூர இடம் போகக்கூடாது என்று ஐயர் சொன்னார், பெரிய ஆட்களும் தலையாட்டினார்கள். லீவை நீட்டித் தரச் சொல்லிக் கேட்டாய். மறுத்தார்கள். நீ போகவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவின் படத்துக்கு முன்னால் பாயில் படுத்துக்கொண்டாய்.

முகாமிலிருந்து, நீ கொடுத்திருந்த ரொக்ஸ்பரோ நம்பருக்கு எடுத்தார்கள். அங்கே சித்தப்பா தனியே இருந்தார். யார் பேசுகிறீர்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்க, அவர் நல்ல தெளிவான ஆங்கிலத்தில், "ஐ ஆம் ஹிஸ் ஃபாதர்" என்றார். செத்துப்போனதாகச் சொன்ன அப்பா போனை எடுத்துக் கதைத்துவிட்டார். அதோடு உன் கதை முடிந்தது.

பெரியப்பாதான், பதற்றத்தில் மாறிச் சொல்லிவிட்டேன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், லீவு தாண்டியதற்கு மட்டும் ஏதாவது கொடுத்து விட்டிருப்பார்களாம். உன்னோடு இருந்த பெடியனொருவன் பிறகு எங்களிடம் சொன்னான். நீ அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. இறந்தது என் அப்பா என்று நின்றாய். அப்படியென்றால் போனில் பேசியது யார் என்று கேட்டார்கள். அவரும் என் அப்பா என்றாய். அவர்களை நீ ஏய்த்துப் பேயராக்குகிறாய் என்று நினைத்திருப்பார்கள். பொய் சொல்லி லீவு எடுத்தவன், அதையும் தாண்டி நின்றவன் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்தபோது உன் வேலை போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் அப்பாவுக்காக ஒருவன் சீருடையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான், நான் என்ன கொடுத்தேன் என்றுதான் எரிந்தது. துக்கத்திலும் நீ எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டாய்.

பிறகு நீ மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாய். கர்க்லாண்ட் பிள்ளைகள் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நீ சிரித்தாய். நல்ல வேலைக்கு விண்ணப்பித்தால் ஏன் இராணுவத்தை விட்டீர்கள் என்று கேட்பார்கள், அதோடு அது நின்றுவிடும். பேசிவந்த ஒரு கலியாணமும் அதில்தான் குழம்பியது. சித்தப்பாவின் பாடும் சுகமில்லை. கலியாண மண்டபங்களில் அவரைக் கண்டால், "ஆ, செத்த மனிசன் வாறார், கதிரை குடுங்க" என்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். சாப்பிடாமல் முதல் ஆளாக வீட்டுக்குப் போய்விடுவார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நாங்கள் போனது கர்க்லாண்டில் ஒரு வீட்டுக்கு. இராணுவத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பிரெஞ்சுக்காரி, உன்னைப்போல வெளியே அனுப்பப்பட்டவர்களுக்குச் சும்மா உதவி செய்கிறவர். சித்தப்பாவுக்கு அவர் 'மதாம்'. காரில் போகும்போது சித்தப்பாவிடம் கேட்டேன், முதல்தரம் நீ விண்ணப்பித்தபோது ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று.

"நான் சொன்னன் மகள், அக்காட்டக் கேளு, அவளுக்குத்தான் எல்லாம் தெரியும் எண்டு. அவன் மாட்டன் எண்டிட்டான். 'வேணாம் ஐயா, அக்காட்ட நான் எடுத்தது காணும், இனியும் எடுக்க ஏலா' எண்டான்."

பச்சை விளக்கு விழுந்தும் நான் காரை எடுக்கவில்லை, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். வந்தது எரிச்சல். பெருந்தன்மையிலும் நீயே முந்திக்கொண்டாய். செத்த பிறகாவது எனக்கு ஒரு இடம் விட்டிருக்கலாம்.

மதாம் கோப்பி தந்து, விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். கடதாசியில் நீ என் அப்பாவின் மகன் இல்லை, அது மாறாது. ஆனால் நீ பொய் சொல்லவில்லை, உன் வாழ்க்கையில் உண்மையாக இருந்ததைத்தான் சொன்னாய் என்று காட்டினால் வழி இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்தவர் சொல்லவேண்டும். சித்தப்பா அந்தக் காலம் இங்கே இருந்தார். கூட இருந்து பார்த்த என் அம்மாவும் இறந்துவிட்டா. மிச்சம் நான்.

திரையில் உன் விண்ணப்பத்தை விசாரிக்கிற மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்த பெண்மணி, உங்கள் தந்தை இவரை மகனாக வளர்த்தார் என்பதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டார். நான் வீட்டிலேயே பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை, நாட்டை நேசித்தவன். அவர்கள் தலையாட்டினார்கள். பேனாவை யாரும் எடுக்கவில்லை. நடுவில் இருந்தவர் பொறுமையாக அதே கேள்வியை மறுபடி கேட்டார். நான் கேட்டது அதுவல்ல, அவர் மகன்தானா என்பதற்கு என்ன இருக்கிறது என்றார்.

என்ன இருக்கிறதாமே! எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கப்போகிறது?

சொல்லத் தொடங்கினேன். ஷெல் அடிக்கும்போது பங்கருக்குள் அப்பா உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைக் கையில் பிடித்திருந்ததைச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் அம்மாள் வருத்தம் வந்தபோது அவர் உன் பக்கம்தான் வேப்பிலையோடு படுத்தார், என் பக்கம் அம்மா படுத்தா. மீன் தலை உன் சோத்துக் கோப்பைக்கு, எனக்கு நடுத்துண்டு. நடுத்துண்டில் சதை கூட, ஆனால் தலையைத்தான் அவர் தன் கையால் உடைத்துக் கொடுப்பார். இங்கே வந்த முதல் பனியில் ஒரு சோடி நல்ல கையுறைதான் இருந்தது, அது உன் கைக்குப் பெரிது, என் கைக்கு அளவு, ஆனாலும் உனக்குத்தான் போட்டார். உன் பல்லு விழுந்தால் கூரையில் எறிய அவர் ஏணி வைத்தார். நான் என் பல்லை நானே எறிந்தேன். ஆஸ்பத்திரியில் அவர் கேட்ட கடைசிக் கேள்வியையும் சொன்னேன். இத்தனை வருடம் வைத்திருந்ததை முன்பின் தெரியாத மூன்று பேருக்குச் சொல்லிவிட்டேன், மன்னிக்க மாட்டேன் உன்னை. பச்சைப் பொத்தானையும் சொன்னேன். அதில் என் விரல் இருந்திருக்கவேண்டும் என்றும் சொன்னேன்.

எப்போது எழுதத் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் நிறுத்தியபோது மூன்று பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். இவ்வளவும் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டார்.

"ஜெலஸி, மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அப்படியானால், அன்றைக்கு இறந்தது அவருடைய தந்தை என்று சொல்கிறீர்களா என்று கேட்டார். எனக்குப் பக்கத்தில் சித்தப்பா, உன்னைப் பெற்றவர், பொலிஷ் போட்ட சப்பாத்தோடு நேராக இருந்தார். அவரைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"ஓம்" என்று தமிழில்தான் வந்தது. பிறகு "யெஸ்" என்றேன்.

சித்தப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். நான் சொன்னது அவருக்குச் சுட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ரேடியோவைப் போட்டேன். அவர் அதை நிறுத்தினார்.

"மகள், அண்டைக்கு அந்த ஃபோன் வரக்குள்ள, இரிங்க அவனக் கூப்பிடுறன் எண்டு வச்சிருக்கலாம். ஆர் எண்டு கேட்ட உடன ஃபாதர் எண்டிட்டன். ஏன் தெரியுமா?"

"ஏன் சித்தப்பா?"

"அவன் பிறந்ததுக்குப் பிறகு அண்டைக்குத்தான் ஒரு ஆள் என்னட்ட அதக் கேட்டது. சொல்ல ஆசையா இரிந்திச்சி."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். என்னுடைய வியாதி எனக்கு மட்டும்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன், தம்பி. நான் உன்மேல் எரிந்தேன், அவர் என் அப்பாமேல் எரிந்திருக்கிறார். நீங்கள் இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள்போலப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது சித்தப்பா உன் பொலிஷ் டப்பாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் தந்தார். ஏன் தந்தார் என்று நான் கேட்கவில்லை.

நேற்றுப் பதில் வந்தது. சித்தப்பா போன் எடுத்து, "வா மகள், வாசிச்சுக் காட்டு, எனக்குக் கண் ஏலா" என்றார். அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். நின்றபடியே வாசித்தேன். 'தவறான நடத்தை' போய்விட்டது. நீ மதிப்போடு விலகியவன். லீவு தாண்டி நின்றது குற்றம்தான், ஆனால் பொய் சொன்னதாக முன்பு எழுதியிருந்ததை எடுத்துவிட்டார்கள். கீழே ஒரு வரி, தன் தந்தை இறந்துவிட்டதாக இவர் அறிவித்தது உண்மையே என்று. அந்த வரியை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தைச் சாமிப் படத்தட்டில் வைத்துவிட்டு, "காணும். இனி நான் மண்டபத்தில இரிந்து ஆறுதலாச் சாப்பிடலாம்" என்று சொல்லி அழுதார்.

எனக்குச் சந்தோஷம், தம்பி. நம்பு. ஆனால் காரில் ஏறி பியர்பொன்ட்ஸ் வருவதற்குள் பழைய எரிச்சல் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டது. அதை இறக்கிவிட எனக்கு மனம் இல்லை. அப்பாவின் முகம் கலங்கிப் போய்விட்ட நாட்களில்கூட, அவர் உனக்குச் செய்தது ஒன்றும் கலங்கவில்லை. உன்மேல் எரிந்து எரிந்துதான் அவரை இவ்வளவு காலம் முழுசாக வைத்திருக்கிறேன். உன்னையும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

நீ அவருடைய மகன் என்று சாட்சி சொல்ல உனக்கு நான் இருந்தேன். இனி அரசாங்கத்தின் கையெழுத்தும் இருக்கிறது. என்னிடம் ஒரு பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். அவர் எனக்கும் அப்பாவாக இருந்தார் என்று பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான் மிச்சமிருந்தாய், தம்பி. நீயும் போய்விட்டாய்.

அக்கா